சூடு பார்க்கிற கை

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் களைத்துப்போய்த்தான் வருகிறார்கள். திருப்பூர்க்காரர் களைத்து வருகிறார், மதுரைக்காரர் களைத்து வருகிறார், சென்னையிலிருந்து காரில் வருகிறவர் வழியிலேயே பாதி செத்துவிடுகிறார். அருவி தலையில் கொட்டுகிறது, முதுகில் அடிக்கிறது, ஆளைத் தள்ளுகிறது. சும்மாவே இவ்வளவு செய்தும் சிலருக்குக் களைப்பு போவதில்லை. அப்படிப்பட்டவர்கள் ஐந்தருவி சாலையில் இருக்கிற ஒரு ரிசார்ட்டின் முதல் மாடிக்கு ஏறி, வெள்ளைத் துண்டு விரித்த மேசையில் குப்புறப் படுத்துக்கொள்கிறார்கள். அங்கே பெண்களின் களைப்பைக் கையால் வழித்தெடுக்கிற வேலை பேராச்சிக்கு. வழித்தெடுத்ததைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது என்று மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பேராச்சிக்கு ஊர் இலஞ்சி. ஐம்பதைத் தொடப் போகிற வயது. புருஷன் மணிமுத்து தென்காசியில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். சர்க்கரை வியாதி அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது. இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிற ஆட்டோக்களின் சத்தத்தை வைத்தே எந்த வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லிக்கொண்டிருப்பார். யாரும் கேட்பதில்லை. ஆனாலும் சொல்வார். மகள் அனுசியா கோயம்புத்தூரில் நர்ஸிங் படிக்கிறாள். மொத்தத்தில் அந்த வீட்டில் அடுப்பு எரிவது பேராச்சியின் கையால்தான்.

செங்கோட்டைப் பக்கம் ஒரு ஆயுர்வேத வைத்தியசாலையில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதில் தொடங்கியவள் அவள். அங்கிருந்து அவளை இந்த ரிசார்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது முதலாளி ஏசுவடியான் அண்ணாச்சி. பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்து முன்னுக்கு வந்தவர். நல்ல மனுஷன், சாப்பிட்டாயா என்று கேட்காமல் யாரையும் தாண்டிப் போக மாட்டார். ஒரே ஒரு குறைதான். சீசன் முடிந்து ஊர் காலியானதும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, உலகத்தில் மற்றவர்கள் எப்படிக் களைப்பாறுகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார். வருஷத்துக்கு ஒரு நாட்டைக் கொண்டுவந்து மாடியில் இறக்குவார். அந்த நாட்டுக்கு உழைக்க வேண்டியது பேராச்சி.

முதலில் வந்தது சாக்லேட். எந்த நாட்டுச் சம்பிரதாயமோ, உருக்கிய சாக்லேட்டை உடம்பு முழுக்கப் பூசி, பிளாஸ்டிக் தாளில் சுருட்டி வைக்க வேண்டும். சாரல் காலத்தில் எறும்பெல்லாம் மழைக்குப் பயந்து வீட்டுக்குள்தான் குடியிருக்கும் என்பதை அண்ணாச்சி யோசிக்கவில்லை. கோவில்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா, கை கால் அசைக்க முடியாதபடி சுருட்டப்பட்ட நிலையில், என்னமோ ஊருதே என்று முதலில் மெதுவாகத்தான் சொன்னார். பிறகு அவர் போட்ட சத்தம் ஐந்தருவி வரை கேட்டிருக்கும்.

அடுத்த வருஷம் பின்லாந்து. ஒரு மரப்பெட்டி அறைக்குள் ஆளை வைத்து ஆவியில் வேகவிட்டு, இலைக்கொத்தால் முதுகில் அடிப்பது. அந்த ஊர் மரம் இங்கே கிடையாது. அண்ணாச்சி வேப்பங்குலையை ஒடித்துக் கொடுத்துவிட்டார். விருதுநகர்க்காரி ஒருத்தியை ஆவியில் உட்காரவைத்து, பேராச்சி வேப்பங்குலையால் நாலு போடு போட்டதும், அந்த அம்மா தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆட ஆரம்பித்துவிட்டார். சாமி வந்துவிட்டது. பேராச்சி குலையைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மானேஜர் சஃப்ரின், கடையநல்லூர்ப் பிள்ளை, பாவம், அவள்தான் ரிசப்ஷனுக்கு ஓடிப்போய் விபூதி வாங்கிக்கொண்டு வந்தாள். சாமி மலையேறிய பிறகு அந்த அம்மா உடம்பு பஞ்சு மாதிரி லேசாக இருக்கிறது என்று சந்தோஷமாகப் போய்விட்டார். அதற்கப்புறம் அந்த அறையில் துணி காயப்போடுகிறார்கள்.

அதற்கும் பிறகு ஹாலந்து. மாட்டைக் கட்டிப்பிடித்தால் மனபாரம் குறையுமாம். பின்தெருவில் பால் கறக்கிற மாரி தன் பசுவைத் தினமும் குளிப்பாட்டி, கழுத்தில் பவுடர் போட்டு ஓட்டிக்கொண்டு வருவான். வருகிறவர்கள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்பார்கள். சிலர் அழுவார்கள். பசு ஒரு வாரம் பொறுத்தது. அப்புறம் ரிசார்ட் கேட்டைக் கண்டாலே திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டது. மாரி எவ்வளவு இழுத்தும் வரவில்லை. ரிசார்ட்டில் வேலை பார்த்த அத்தனை பேரிலும் அந்தப் பசுவின் மேல்தான் பேராச்சிக்கு உண்மையான பொறாமை இருந்தது.

கடைசியில் நின்று நிலைத்தது சூட்டுக்கல். ஏதோ தீவில் எரிமலை கக்கிய கல்லாம்; கறுப்பாக, வழவழவென்று, சீயக்காய்ச் சோப்பு அளவில் இருக்கும். அதைச் சூடாக்கி முதுகிலும் உள்ளங்காலிலும் வைப்பது. மின்சாரத்தில் கல்லைச் சூடுபண்ணுகிற மெஷின் ஒன்றும் கூடவே வந்தது. குற்றாலத்துக் காற்றுக்குக் கரண்ட் போகிற போக்கில் அந்த மெஷின் ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை. அதிலிருந்து மாடிப் பின்கட்டில் காஸ் அடுப்பில் இட்லிக் கொப்பரையை ஏற்றி, அதில்தான் எரிமலைக் கல் வேகிறது. விருந்தாளிகளுக்கு இது தெரியாது. அவர்கள் இருக்கிற அறையில் ஊதுவத்தி மணக்கும், புல்லாங்குழல் கேட்கும்.

மெஷின் இருந்தவரை அதன் முகப்பில் சூட்டின் அளவு தெரியும். கொப்பரைக்கு அந்த வித்தை தெரியாது. அதனால் பேராச்சி தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். வெந்த கல்லைப் பச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, “பேராச்சி தாயே காப்பாத்து, பேராச்சி தாயே காப்பாத்து” என்று தன் பேர்கொண்ட குலதெய்வத்தைக் கூப்பிடுவாள். நிதானமாகச் சொல்லி முடிக்கிற வரை கையில் வைத்திருக்க முடிந்தால் அந்தக் கல்லை மனுஷ உடம்பில் வைக்கலாம். பாதியில் கையை உதறினால் கல் இன்னும் ஆற வேண்டும். மற்ற பெண்களும் இதையே பழகிக்கொண்டார்கள். நாகாலாந்திலிருந்து வந்த பிள்ளைகூட அவள் வாய்க்கு வந்தபடி பேராச்சி தாயைக் கூப்பிட்டது.

பிறகு ஒரு காலம் வந்தது. பேராச்சி எந்தக் கல்லை எடுத்தாலும் தாயைச் சொல்லி முடிக்க முடிந்தது.

முதலில் அது பூக்கட்டும்போதுதான் தெரிந்தது. நார் விரலில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. விரல் நுனியெல்லாம் நமநமவென்றது. கொஞ்ச நாளில் அதுவும் நின்றுபோய், யாரோ இரவல் கொடுத்த விரல்கள் போல ஆகிவிட்டன. ஒருநாள் காலையில் அனுசியாவுடன் போனில் பேசிக்கொண்டே தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்து மணிமுத்து மூக்கை உறிஞ்சினார்.

“ஏட்டி, என்னமோ தீயுது.”

தீய்ந்தது அவள் விரல். தோசைக்கல்லின் ஓரத்தில் அது பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. “தோச கருகிட்டு” என்று சொல்லி, விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு அடுத்த தோசையை ஊற்றினாள்.

வெளியே சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. அவளோடு வேலை பார்த்த முத்துச்செல்விக்கு மணிக்கட்டு வீங்கியபோது, அவள் போய் அண்ணாச்சியிடம் உள்ளதைச் சொன்னாள். அவரும் நல்ல மனசோடு, குணமாகிற வரை வீட்டில் இரு தாயி என்று அனுப்பிவைத்தார். மணிக்கட்டு குணமாகிவிட்டது. திரும்பி வந்தபோது அந்த இடத்தில் வேறு பிள்ளை நின்றுகொண்டிருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. சீசனில் மேசை காலியாக இருக்க முடியாது, அவ்வளவுதான். முத்துச்செல்வி இப்போது புளியரைப் பக்கம் ஒரு முந்திரி ஆலைக்குப் போய்வருகிறாள். பேராச்சியின் கையில் உணர்ச்சி இல்லை என்று தெரிந்தால் அவளுக்கு அந்த முந்திரி ஆலைகூட இல்லை.

அதனால் கல்லைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்க்கப் பழகினாள். அது நன்றாகவே நடந்தது. ஆனால் ஒரு விருந்தாளி அதைப் பார்த்துவிட்டு, மூஞ்சியில் தேய்த்த கல்லை எங்கள் மேல் வைக்கிறார்கள் என்று இன்டர்நெட்டில் எழுதிப்போட்டார். மறுநாளே சஃப்ரின் எல்லாருக்கும் மாஸ்க் கொடுத்துவிட்டாள். முழங்கையில் பார்க்கலாம் என்றால் முழுக்கைச் சட்டைதான் யூனிபாரம்.

கடைசியில் பேராச்சி விருந்தாளியையே கேட்க ஆரம்பித்தாள். ஓரத்தில் மெல்லக் கல்லைத் தொடவைத்து, “சூடு எப்படிம்மா இருக்கு? கூடவா, கொறச்சலா?” என்பாள். அவர்கள் முகம் சுளித்தால் எடுத்துவிடுவாள். அவர்களுடைய தோலை இரவல் வாங்கித் தன் வேலையை ஓட்டினாள். இதில் பெரிய வேடிக்கை, இப்படி ஒருத்தர் அக்கறையாகக் கேட்டதே இல்லை என்று ஆளாளுக்கு எழுதிப்போட்டார்கள். அண்ணாச்சி அதை வாசித்துவிட்டு, இனிமேல் எல்லாரும் பேராச்சி மாதிரிக் கேட்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பேராச்சிக்கு அன்றைக்கு அழுகை வந்தது. பின்கட்டில் நின்று அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள்.

இப்படியே இரண்டு சீசன் ஓடிவிட்டது. மூன்றாவது ஆடியில் ஒரு சனிக்கிழமை, சாரல் சாத்து சாத்தென்று சாத்திக்கொண்டிருந்த காலையில், ஆவுடையம்மாள் வந்தாள்.

கீழப்பாவூர்க்காரி. பேராச்சியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட இருக்கும். வயலும் மாடும் என்று கிடந்த உடம்பு. செருப்பைப் படிக்குக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அறைக்குள் வந்ததும் மேசையையும் புல்லாங்குழல் வருகிற பெட்டியையும் பார்த்துவிட்டு, சுவரோரமாக ஒண்டி நின்றாள்.

“இதுல நான் ஏறிப் படுக்கணுமாக்கும்?”

“ஆமாக்கா. நான் பிடிச்சுக்கிடுதேன், ஏறுங்க.”

“எம் மவன் தேவா பட்டாளத்துல இருக்கான். ராஜஸ்தான்ல. போன்ல என்னமோ அமுக்கி இங்க எழுதிப் போட்டுட்டான். வேண்டாம்லேன்னா கேக்கமாட்டேங்கான். எம்மா, நீ வாழ்நாள்ல ஒரு நாளாவது படுத்துக்கிட, ஒன்ன ஒருத்தர் கவனிக்கட்டும்ங்கான்.” சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

கால் கழுவத்தான் பெரிய பாடாகிவிட்டது. பேராச்சி பித்தளைத் தாம்பாளத்தைக் கீழே வைத்துக் குத்தவைத்ததும் ஆவுடையம்மாள் காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

“எங் காலத் தொடாத தாயி. ஒனக்கு என்ன தலையெழுத்து?”

“அதுதானக்கா என் வேல. காட்டுங்க.”

பித்தவெடிப்பு பாளம் பாளமாக இருந்தது. குதிகாலில் ஒரு முள் ஒடிந்து, முழுக்க உள்ளே ஏறி நின்றது. பேராச்சி இடுக்கியால் அதைப் பிடித்து இழுத்தாள். நல்ல நீள முள், ரத்தமும் வந்தது. ஆவுடையம்மாள் புல்லாங்குழல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. வயற்காட்டுக் கால், மாட்டுத்தோல் மாதிரிக் கெட்டிப்பட்டிருக்கும் என்று பேராச்சி நினைத்துக்கொண்டாள். இந்தப் பக்கத்தில் பிறந்த யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அந்த நினைப்பில்தான் எல்லாம் தவறியது.

வழக்கமாகக் கேட்பதையும் கேட்டாள். “சுகர் கிகர் ஏதும் உண்டுமாக்கா?”

“எனக்கா? ஒரு சீக்கும் கெடயாது. முந்தா நாளுகூட நாத்து நட்டுட்டு வந்தேன்.”

முதுகில் கல் வைத்தபோது ஒரு குறையும் இல்லை. கூட, குறைச்சல் என்று ஆவுடையம்மாள் சரியாகவே சொன்னாள். வைத்த கொஞ்ச நேரத்தில், “எங்கம்மைக்குப் பொறவு எம் முதுக ஒருத்தரும் தொட்டதில்ல” என்றாள். இந்த மேசையில் படுக்கிறவர்கள் எல்லாரும் ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காதும் மரத்துப்போயிருந்தது. ஆனால் இது காதில் விழுந்தது.

அப்புறம் உள்ளங்காலில் வைக்கிற கல்லைக் கொண்டுவந்தாள்.

“சூடு எப்படிக்கா இருக்கு?”

“வச்சிட்டியா?”

பேராச்சி சிரித்தபடி அதை எடுத்துப்போய் இன்னும் சூடான ஒன்றைக் கொண்டுவந்தாள்.

“இது?”

“ஒண்ணும் தெரியலயே தாயி. நல்லாச் சூடாவே வையி. எம் மவன் ஆசப்பட்டுச் செஞ்சது, அரகொறையாப் போவாண்டாம்.”

கரண்ட் போயிருந்தது. பின்கட்டில் கொப்பரை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பேராச்சி கரண்டியால் கல்லை எடுத்து, தண்ணீரில் முக்காமல், பழக்கத்தில் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். தாயைக் கூப்பிட்டு முடித்தாள். கையில் ஒன்றும் தெரியவில்லை. படுத்திருக்கிறவளும் சூடில்லை என்கிறாள், கையும் சூடில்லை என்கிறது. சாரல் குளிரில் கல் சீக்கிரம் ஆறிவிடுகிறதாக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதையும் இன்னொரு கல்லையும் மெல்லிய துண்டுகளில் வைத்து, உள்ளங்காலுக்கு ஒன்றாகக் கட்டினாள்.

“இப்ப எப்படிக்கா?”

“இப்பக் கொஞ்சம் சுகமா இருக்கு” என்று சொல்லிவிட்டு ஆவுடையம்மாள் தூங்கிப்போனாள். குறட்டை கேட்டது. பேராச்சி சுவரில் சாய்ந்து நின்று தானும் கண்ணை மூடினாள். அன்றைக்கு விடிந்ததிலிருந்து அவள் சாய்வது அதுதான் முதல் தடவை.

சஃப்ரின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “அக்கா, அடுத்த கெஸ்ட் கீழ வெயிட் பண்ணுதாங்க. முடிஞ்சிட்டா?” என்று கேட்டுக்கொண்டே, வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொடுக்கும் எண்ணத்தில் தானே ஒரு காலின் துண்டை அவிழ்த்துக் கல்லைக் கையில் எடுத்தாள்.

“அல்லா!” என்று கத்திக் கல்லைக் கீழே போட்டாள். டைல்ஸில் ஒரு சில்லு தெறித்தது.

ஆவுடையம்மாள் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். மற்றக் காலின் கல்லைப் பேராச்சி பிடுங்கி எறிந்தாள். இரண்டு உள்ளங்காலிலும், நடுவில், கல்லின் அளவுக்கே தோல் வெளுத்து உப்பி நின்றது. ஒன்றில் ஓரம் கிழிந்து நீர் கசிந்தது. பேராச்சி தாம்பாளத்தை இழுத்துப்போட்டு, சொம்பு சொம்பாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். ஆவுடையம்மாள் அடுத்தவர் காலைப் பார்ப்பதுபோலத் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வலிக்கவே இல்லயே” என்றாள்.

சஃப்ரின் சுட்ட விரலை ஊதிக்கொண்டிருந்தாள். “அக்கா, என்னால ஒரு செகண்டு பிடிக்க முடியலயே. நீங்க கையில வச்சுப் பாத்தீங்களா, இல்லயா?”

பேராச்சி வாயைத் திறப்பதற்குள் ஆவுடையம்மாள் முந்திக்கொண்டாள். “அந்தப் பிள்ளய ஏசாத. அவ கேட்டுக் கேட்டுத்தான் வச்சா. நாந்தான் சூடு பத்தாது, சூடு பத்தாதுன்னேன்.”

சஃப்ரினுக்கு அது போதுமாக இருந்தது. விருந்தாளியே வாங்கிக்கொண்ட வினை என்றால் யார் தலையும் உருளாது. “நான் பர்னால் எடுத்துட்டு வாரேன்” என்று கீழே ஓடினாள்.

கதவு சாத்தியதும் ஆவுடையம்மாள் பேராச்சியின் கையைப் பிடித்து, விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். தோசைக்கல் சுட்ட தழும்பு, கொப்பரை சுட்ட தழும்பு, எப்போது சுட்டது என்றே தெரியாத தழும்புகள். பார்த்துவிட்டு விட்டாள்.

“ஒனக்குக் கையா?” என்றாள்.

பேராச்சி தலையாட்டினாள்.

“எனக்குக் காலு. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியாது. சக்கர இருக்குட்டி. கீழ எனக்கு முன்ன வந்த பொம்பள சக்கர இருக்குன்னா. ஒனக்குக் கல்லு கெடயாது, தலையத் தேச்சி விடுதோம்னுட்டாவ. மவன் கொடுத்தது வீணாப் போயிருமேன்னு நான் இல்லன்னுட்டேன். அவனுக்கே எனக்குச் சக்கர உள்ளது தெரியாது. தெரிஞ்சா வயல வித்துரும்பான்.” குரலைத் தணித்தாள். “இந்தா பாரு. நீ எஞ் சீக்கச் சொல்லாத. நான் ஒங் கையச் சொல்லமாட்டேன். மருந்தப் போட்டுக்கிட்டு பஸ்ஸேறிப் போயிருதேன். ஆருக்கும் ஒண்ணும் தெரியாண்டாம்.”

இதைவிட நல்ல ஏற்பாடு பேராச்சிக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்கப் போவதில்லை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த விருந்தாளி கீழே காத்திருக்கிறாள். திங்கட்கிழமை சம்பள நாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. அவ்வளவு அலுப்பு, நல்லவளாக இருப்பதற்குக்கூடத் தெம்பு வேண்டுமே.

ஆனால் அவளுக்கு மணிமுத்துவின் கால் தெரிந்தது. அவருக்கும் முதலில் வந்தது ஒரு கொப்புளம்தான். பங்குனி வெயிலில் தார்ரோட்டில் வெறுங்காலோடு ஆட்டோவைத் தள்ளியதில் வந்தது. பெண்டாட்டி ஏசுவாளே என்று சாக்ஸ் போட்டு மறைத்து வைத்திருந்தார். வலிக்கவில்லையே, வலிக்கவில்லையே என்றுதான் அவரும் சொன்னார். நாற்றம் வந்த பிறகுதான் அவள் சாக்ஸைக் கழற்றினாள். இந்தப் பொம்பளையும் வீட்டுக்குப் போய்ச் சேலையை இறக்கிக் கட்டிக்கொள்வாள், நாற்று நடப் போவாள், சேற்றில் நிற்பாள்.

சஃப்ரின் மருந்தோடு வந்தாள். பேராச்சி எழுந்திருக்கவில்லை. விருந்தாளி படுக்கிற அந்த மேசையிலேயே, ஆவுடையம்மாள் பக்கத்தில், ஈரக்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

“சஃப்ரின், எனக்கு ரெண்டு வருசமா வெரல்ல உணர்ச்சி கெடயாது. சூடு தெரியாது. ஒன்ட்ட சொல்லாம மறச்சிட்டேன். இவங்களுக்குச் சக்கர இருக்கு, காலு மரத்துக் கெடக்கு. இந்த மருந்தெல்லாம் வேண்டாம். ஆட்டோ வரச் சொல்லு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோணும். இவங்க மவன் நம்பரு ஒங்கிட்ட இருக்கும்லா, அவருக்கும் போன் போட்டுச் சொல்லிரு.”

“பாவி மட்ட” என்றாள் ஆவுடையம்மாள். “ஒனக்கு நல்லதுதானட்டி சொன்னேன்.”

சஃப்ரின் பர்னால் டியூபைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். “அக்கா, அண்ணாச்சிட்ட நான் என்னக்கா சொல்ல?”

“உள்ளதச் சொல்லு.”

“வேலைக்கு வராண்டாம்னுருவாருக்கா.”

“ஆமா. சொல்லத்தான் செய்வாரு.”

தென்காசிக்குப் போகிற வழி முழுக்க ஆவுடையம்மாள் பேராச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆட்டோவின் மறு ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, சாரல் அடிக்கிற பக்கமாகவே திரும்பிக்கொண்டாள். தேவாவிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. அதை அவள் எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. காசிமேஜர்புரம் தாண்டும்போது பேராச்சி தன் மேல்துண்டை எடுத்து, ஈரம் படாமல் அவளுடைய இரண்டு பாதத்தையும் சுற்றி மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆவுடையம்மாள் இழுத்துக்கொள்ளவில்லை. உணராததாலா, பொறுத்துக்கொண்டதாலா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தது சின்ன வயது டாக்டர் அம்மா. கொப்புளத்தைப் பார்த்துச் சுத்தம் செய்தார். நேரத்தோடு வந்தது நல்லது, வீட்டில் வைத்திருந்தால் காலுக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார். பிறகு ஆவுடையம்மாளைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு குண்டூசியால் கட்டைவிரல், குதிகால், கணுக்கால் என்று தொட்டுக்கொண்டே போனார். தெரியுதா, தெரியுதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்த பிறகுதான் ஆவுடையம்மாள் “ஸ்” என்றாள். அந்தச் சத்தம் வந்ததும் அவளுக்கே அழுகை முட்டிவிட்டது.

டாக்டர் அம்மா எழுதத் தொடங்கினார். பேராச்சி வாசல் பக்கம்தான் நின்றிருந்தாள். யாரும் கூப்பிடாமல் உள்ளே வந்து, இரண்டு கையையும் மேசையின் மேல் மல்லாத்தி வைத்தாள்.

“எனக்கும் ஒருக்காக் குத்திப் பாருங்கம்மா.”

டாக்டர் அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கையைப் பார்த்தார். வேறு ஒரு குண்டூசியை எடுத்தார். “கண்ண மூடிக்கோங்க. குத்துறது தெரிஞ்சதும் சொல்லுங்க.”

பேராச்சி கண்ணை மூடினாள். பேராச்சி தாயே, காப்பாத்து. வெளியே யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். மின்விசிறி கிரீச் கிரீச்சென்றது. சாரல் ஜன்னலில் அடித்தது. எல்லாம் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பக்கத்தில் ஆவுடையம்மாள் மூச்சை இழுப்பது கேட்டது.

“குத்துங்கம்மா” என்றாள்.

கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள்.

“பயப்படாதீங்கம்மா, நான் தாங்கிக்கிடுவேன். குத்துங்க.”

“குத்தியாச்சும்மா” என்றார் டாக்டர்.

பேராச்சி கண்ணைத் திறக்கவில்லை. “எந்த வெரல்ல?”

“எல்லாத்துலயும்.”